லாம் உள்ளே இருக்கிறார்

யுத்தம் நடக்கிற நாட்டில் அரசாங்கத்துக்குப் புதிது புதிதாக யோசனைகள் தோன்றும். சைகோனில் அந்த வருஷம் தோன்றிய யோசனைக்கு மாணவர் பணிப்பழகு திட்டம் என்று பெயர் வைத்தார்கள். உயர்நிலைப் பள்ளியின் கடைசி வகுப்புக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளையும் விடுமுறையில் ஒரு மாதம் ஏதாவது அலுவலகத்திலோ ஆலையிலோ ஆஸ்பத்திரியிலோ வேலை பழக வேண்டும். பழகினான் என்று அந்த இடத்துத் தலைவர் சான்றிதழ் தர வேண்டும். சான்றிதழ் இல்லாதவன் இறுதித் தேர்வு எழுத முடியாது. தேர்வு எழுதாத பையன் மாணவன் அல்ல. மாணவன் அல்லாத பையனுக்குப் பட்டாளத்தில் எப்போதும் இடம் காலியாக இருந்தது. அங்கே மட்டும் எந்தச் சான்றிதழும் கேட்க மாட்டார்கள்.

இக்னாஸுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். அவன் அப்பா எட்மோன் காரைக்கால்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது பென் தான் என்ற சந்தைப் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்குக் காவல். அம்மா சைகோன்காரி. இருவரும் மாதா கோயிலில் மாலை மாற்றிக்கொண்டபோது இக்னாஸ் தவழ்ந்துகொண்டிருந்தான். அதனால் பிறப்புப் பதிவில் அவன் அம்மாவின் பிள்ளை மட்டும்தான். பிரான்ஸ் தேசத்துக்கு இப்படி ஒருவன் பிறந்ததே தெரியாது. வியட்நாம் குடியரசுக்கோ அவனை மிக நன்றாகத் தெரியும், அவனுக்கு எப்போது பதினெட்டு முடிகிறது என்பது உட்பட.

அவன் மோட்டார் பட்டறை கேட்டிருந்தான். கிடைத்தது உள்நாட்டுத் துறைப்படகு இயக்ககம்.

ஆற்றைக் கடக்கும் படகுகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் அலுவலகம் அது. படகுகளில் பாதி குண்டு விழுந்து முழுகிப்போயிருந்தன. மீதிப் பாதி ஓடிய ஊர்களுக்கு அரசாங்கத்து ஆள் உயிரோடு போய்த் திரும்ப வழியில்லை. ஆனாலும் இயக்ககம் அயரவில்லை. இன்ன துறையில் காலை ஆறு மணிப் படகு இனிமேல் ஆறரைக்குப் புறப்படும் என்று சுற்றறிக்கை போகும். அந்தத் துறையிலிருந்து ஒரு பதிலும் வராது. புகார் ஏதும் வரவில்லை என்பதால் பயணிகள் திருப்தியாக இருக்கிறார்கள் என்று ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்வார்கள்.

முதல் நாள் காலை இயக்குநர் குவாங் மாணவர்களை முற்றத்தில் நிறுத்தி வரவேற்றார். குட்டையான மனிதர், எண்ணெய் தடவி வாரிய தலை. பேச்சென்றால் அவருக்கு உயிர்.

"மாணவர்களே, பணிப்பழக்கம் என்பது பணி அல்ல. இதை நீங்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பணி செய்கிறவனுக்குப் பணி முடிந்துவிடும். பழகுகிறவனுக்கோ முடிவே கிடையாது. நான் இருபது ஆண்டுகளாக இங்கே பழகிக்கொண்டிருக்கிறேன். இன்று வரை ஒரு வேலையும் செய்து முடித்ததில்லை என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். ஓர் அலுவலகத்தின் உயிர் எங்கே இருக்கிறது? நாற்காலியில் இருக்கிறது. நிரம்பிய நாற்காலியே நாட்டின் அரண்."

மாணவர்கள் கைதட்டினார்கள். மழை தூற ஆரம்பித்தது.

இக்னாஸை உள்ளே அழைத்துப் போனவர் தலைமை எழுத்தர் ஃபெர்னான். புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுக்காரன் காலத்தில் இந்த அலுவலகத்துக்கு எழுத்தராக வந்தவர். பிரெஞ்சுக்காரன் போனான், அவனுக்குப் பிறகு வந்தவர்களும் போனார்கள், இவர் மட்டும் மேசையை விட்டு நகரவில்லை. பையன் எட்மோன் மகன் என்று தெரிந்ததும் தமிழில் பேச ஆரம்பித்தார். அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் முசே என்றே கூப்பிட்டார்கள்.

மாடியில் பெரிய கூடம், வரிசையாக மேசைகள், ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் ஒரு நாற்காலி. எல்லா நாற்காலி முதுகிலும் ஒரு கோட்டு தொங்கியது. சைகோன் புழுக்கத்தில் யாரும் கோட்டு போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியாது. ஆனால் கோட்டு இல்லாமல் மேலதிகாரி அறைக்குள் போகக் கூடாது என்பது வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன சட்டம். ஆகவே ஆளுக்கொரு கோட்டு நாற்காலியிலேயே இருக்கும். நாளடைவில் வேறொரு வழக்கமும் அதோடு ஒட்டிக்கொண்டது. கோட்டு இருந்தால் ஆள் கட்டடத்துக்குள் இருக்கிறான் என்று பொருள். காப்பி குடிக்கப் போனாலும் சரி, மாமியார் ஊருக்குப் போனாலும் சரி, கோட்டு தொங்கினால் ஆள் வந்துவிட்டான்.

கூடத்தில் கோட்டுகள் நிறைய இருந்தன. மனிதர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தார்கள்.

ஃபெர்னான் ஜன்னலோரத்து மேசை ஒன்றைக் காட்டினார். சாம்பல் நிறக் கோட்டு.

"இங்கே உக்காரு தம்பி. கோட்டை எடுத்துடாதே."

"யாரோடது முசே?"

"லாமோடது."

"அவரு எங்கே?"

"உள்ளே இருக்காரு."

"உள்ளேன்னா எந்த அறையிலே?"

ஃபெர்னான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செத்துட்டாரு தம்பி. பட்டாளத்துக்குப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க. போன வருஷம் வடக்கே மலைப்பக்கம் குண்டு விழுந்துச்சு, உடம்பு கூடக் கெடைக்கலே. ஆனா உள்ளே இருக்காரு. புரிஞ்சுதா?"

இக்னாஸுக்குப் புரியவில்லை. முதுகு கோட்டில் படாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டான்.

புரிய வைக்கும் பொறுப்பை இயக்குநரே எடுத்துக்கொண்டார். மறுநாள் பையனைத் தன் அறைக்கு அழைத்து உட்காரச் சொல்லி, இனிப்புகூடக் கொடுத்தார். விஷயம் இதுதான்: நாற்காலிகள் நிரம்பியிருக்கும்வரை இது முதல்நிலை இயக்ககம். நாற்காலிகள் காலியானால் இதைக் கிணறு குளம் இலாகாவோடு சேர்த்துவிடுவார்கள். குவாங் அந்த இலாகாத் தலைவருக்குக் கீழே உட்கார வேண்டியிருக்கும். அந்த மனிதருக்கு வரைபடத்தில் தலைப்பக்கம் எது என்றுகூடத் தெரியாது.

"லாம் இறந்துவிட்டதாக இந்த அலுவலகத்துக்குச் செய்தி வந்தது உண்மை" என்றார் குவாங். "தன் விலாசமாக அவர் இந்த அலுவலகத்தைக் கொடுத்திருந்தார். நல்ல ஊழியர். ஆனால் செய்தி வருவது வேறு, அதை ஏற்றுக்கொள்வது வேறு. அவருடைய மரணத்தை இயக்ககம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. பரிசீலனையில் இருக்கிறது. அதுவரை அவர் பணியில் இருக்கிறார். நீ அவருடைய பணியைப் பழகுகிறாய்."

"அவர் என்ன பணி செய்தார் ஐயா?"

"உட்கார்ந்திருந்தார்."

அன்று முதல் காலையில் பேர் கூப்பிடும்போது "த்ரான் வான் லாம்" என்று வந்தால் இக்னாஸ் எழுந்து "கோ மாத்" என்று சொல்ல வேண்டும். இருக்கிறேன் என்று அர்த்தம். முதல் நாள் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. ஒரு வாரத்தில் தூக்கக்கலக்கத்திலும் சொல்ல வந்துவிட்டது.

மற்ற மாணவர்களின் கதையும் இதுதான். கன்னியர் பள்ளியிலிருந்து வந்த தெரேஸுக்குக் கணக்கர் பாவ் என்பவரின் நாற்காலி கிடைத்தது. பாவ் வழுக்கைத் தலையர், பேரன் எடுத்தவர், மாரடைப்பில் போய்ச் சேர்ந்தவர். அவருடைய மூக்குக்கண்ணாடியை அவள் போட்டுக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. பாவம், நாள் முழுவதும் தலைவலி. மூன்றாவது வாரம் பாவ் ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது. விட்டார்களா? தெரேஸுக்கு மாலை போட்டு, அவளுடைய முப்பது ஆண்டு காலச் சேவையைப் புகழ்ந்து ஆளுக்கு ஆள் பேசினார்கள். பதினேழு வயதுப் பெண் எழுந்து நின்று, தன் முதுமையை அமைதியாகக் கழிக்க விரும்புவதாக நன்றி சொன்னாள். உடனே இயக்குநர், இப்படிப்பட்ட ஊழியரை இழக்க முடியாது என்று பாவுக்குப் பணி நீட்டிப்பு அறிவித்தார். தெரேஸ் மறுபடி உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

இக்னாஸையும் விடவில்லை. எப்போதோ லாம் ஒரு படகுத்துறையின் பெயரைத் தப்பாக எழுதினாராம். அதற்காக இக்னாஸ் இயக்குநர் முன்னால் தலைகுனிந்து நின்று வாங்கிக்கட்டிக்கொண்டான். "உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை லாம்" என்றார் குவாங், உண்மையான வருத்தத்தோடு. பக்கத்து மேசைக்காரர், உயிரோடு இருக்கிற சிலரில் ஒருவர், மத்தியானம் அவன் தோளில் கைவைத்து, "மனசுல வச்சுக்காதே லாம், உன் மேலே அவருக்கு மரியாதை உண்டு" என்று தேற்றினார். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று இக்னாஸ் அவர் முகத்தைப் பார்த்தான். இல்லை. அந்த முகத்தில் விளையாட்டே இல்லை.

அப்போதுதான் அவனுக்கு முதல்தடவையாகப் பயம் வந்தது.

அது ஏழாம் மாதம், திக்கற்ற ஆவிகள் ஊருக்குள் சுற்றும் மாதம் என்று சைகோன்காரர்கள் நம்புகிற காலம். வீட்டு வாசல்களில் கஞ்சியும் உப்பும் பழமும் வைத்து ஊதுபத்தி கொளுத்தியிருந்தார்கள். தெருப் பிள்ளைகள் படையல் மிட்டாய்க்கு அடித்துக்கொண்டன. "வெளியே இருக்கிற ஆவிக்கு வருஷத்துலே ஒரு மாசம்தான் சாப்பாடு தம்பி" என்றார் ஃபெர்னான் ஜன்னல் வழியே பார்த்தபடி. "நம்ம ஆவிக்கு தெனமும் வருது, பாரு."

எதிரே புளியமரத்தடியில் ஓர் இளம்பெண் அடுக்குத் தூக்கோடு நின்றிருந்தாள். லாமின் மனைவி, ஹன்.

ஃபெர்னான் அவள் கதையைத் தணிந்த குரலில் சொன்னார். சாவுச் செய்தி அலுவலகத்துக்கு வந்து அலுவலகத்தோடு நின்றுவிட்டது. புருஷனைப் பற்றித் தகவல் இல்லையே என்று அவள் கேட்டு வந்தபோது, லாம் இன்றியமையாத அலுவலர் என்று பட்டாளத்திலிருந்து திருப்பி வரவழைக்கப்பட்டிருக்கிறார், அவசரகால உத்தரவுப்படி கட்டடத்துக்குள்ளேயே தங்கியிருக்கிறார், யாரும் சந்திக்கக் கூடாது, ஆனால் சாப்பாடு கொண்டுவரலாம் என்று குவாங் சொல்லியனுப்பிவிட்டார். அன்றிலிருந்து மத்தியானம் தவறாமல் தூக்கு வருகிறது. வாங்கிக்கொள்ளும் காவலாளி, "லாம் உள்ளே இருக்கிறார்" என்று சொல்வான். அவளும் மரத்தடியில் சற்று நேரம் நின்று ஜன்னலில் தெரியும் கோட்டின் முதுகைப் பார்த்துவிட்டுப் போவாள்.

"சாப்பாட்டை யாரு சாப்பிடுவா?"

"இம்புட்டு நாளா நம்ம தெரெக்தேர் குவாங்தான் சாப்பிட்டாரு. இப்ப அது ஒன் வேலை. பணிப்பழக்கம்" என்றார் ஃபெர்னான்.

இக்னாஸ் சாப்பிட மாட்டேன் என்றான். மறுநாளும் மாட்டேன் என்றான். சாப்பிடாமல் தூக்கு திரும்பிப் போனால் அந்தப் பெண் என்ன நினைப்பாள் என்று இயக்குநர் கேட்டார். மனிதாபிமானம் என்று ஒன்று வேண்டாமா என்றும் கேட்டார். மூன்றாம் நாள் சாப்பிட்டான். சட்டியில் வதக்கிய மீன், கீரைச்சாறு, வெள்ளைச் சோறு. நன்றாக இருந்தது என்பதுதான் கொடுமை.

அவன் வந்ததிலிருந்து ஜன்னலில் இருந்த கோட்டு அசைய ஆரம்பித்திருந்தது. பகலில் அதைப் போட்டுக்கொண்டே உட்கார வேண்டும், முகத்தைத் தெருப்பக்கம் திருப்பக் கூடாது என்பது குவாங்கின் புது உத்தரவு. ஒருநாள் மழையில் நனைந்துகொண்டே அவள் நெடுநேரம் நின்றாள். "ஒரு தடவை கையைத் தூக்கு" என்றார் குவாங். இக்னாஸ் திரும்பாமல் வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கினான். மறுநாள் தூக்கில் ஓர் அடுக்கு கூடுதலாக இருந்தது. அவித்த முட்டையும் வாழைப்பழப் பணியாரமும். அவள் சிரித்துக்கொண்டே போனாள் என்று காவலாளி சொன்னான். இக்னாஸ் அதையும் மென்று விழுங்கினான்.

வீட்டில் அம்மா கூப்பிட்டால் சட்டென்று காதில் விழாமல் போனது. தெருவில் யாரோ யாரையோ லாம் என்று கூப்பிட்டபோது திரும்பிப் பார்த்தான். காலையில் கோட்டுக்குள் கையை நுழைக்கும்போது, தனக்கு முன்னால் ஒருவர் அதைப் போட்டு இப்போதுதான் கழற்றியது மாதிரி உள்பக்கம் சூடாக இருக்கும். வெயில் பட்ட ஜன்னலோரம் அல்லவா, அதனால் என்று சொல்லிக்கொள்வான். மழை நாட்களிலும் சூடாகத்தான் இருந்தது.

தாங்காமல் அப்பாவிடம் சொன்னான்.

எட்மோனுக்குக் கோபம் வந்தால் மீசை துடிக்கும். துடித்தது. செத்தவர்கள் பேரைக் கூப்பிடுவது அவர் வரையில் வேறு விஷயம். வருஷா வருஷம் நவம்பரில் பழைய காரைக்கால் சிப்பாய்கள் சிலர் அவர் வீட்டில் கூடுவார்கள். யுத்தத்தில் மடிந்த கூட்டாளிகளின் பேர்களை ஒருவர் உரக்கக் கூப்பிட, மற்றவர்கள் குதிகாலைச் சேர்த்து நின்று "மோர் ஓ ஷாம் தொன்னேர்" என்று பிரெஞ்சில் பதில் சொல்வார்கள், கௌரவக் களத்தில் மடிந்தார் என்று. கிழவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துபோனதால் பதில் சொல்ல ஆளில்லாமல், இக்னாஸையும் சின்ன வயதிலிருந்தே வரிசையில் நிறுத்திப் பழக்கியிருந்தார்.

"செத்தவன இருக்கான்னு சொல்றானுவளா? தூ" என்றார். பிறகு மகனின் முகத்தைப் பார்த்தார். சார்ஜெண்ட் இறங்கிவிட்டார், அப்பன்தான் மிச்சமிருந்தான். "இந்தாடா, நான் சொல்றத கேளு. வாய மூடிக்கிட்டு இருந்து அந்த சர்த்திஃபிகாவ வாங்கிக்கிட்டு வந்துடு. நான் எத்தன பேரப் பொதச்சிருக்கேன், ஒனக்குத் தெரியாது. ஒன்னய அங்கே அனுப்ப என்னால முடியாது."

கடைசி நாள் மேற்பார்வைக் குழு வந்தது. அமைச்சகத்திலிருந்து நாலைந்து பெரிய மனிதர்கள், ஒரு வெளிநாட்டு ஆலோசகர், ஒரு புகைப்படக்காரர். குழுத் தலைவர் நரைத்த மனிதர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் அதிகாரியாக இருந்தவர். மாணவர்களுக்கு அன்று சான்றிதழ். ஊழியர் குடும்பங்களும் விழாவைப் பார்க்கட்டும் என்று வாசல் கதவை அகலத் திறந்து வைத்திருந்தார்கள். குவாங்குக்குப் பார்வையாளர்கள் இருந்தால்தான் பேச்சு வரும்.

முற்றத்தில் கோட்டு போட்டு எல்லோரும் வரிசையாக நின்றார்கள். முகத்தைத் தெருப்பக்கம் திருப்பக் கூடாது என்ற உத்தரவை அன்றைக்குக் குவாங்கே மறந்துவிட்டார். இக்னாஸ் நேரே பார்த்தான். கதவருகில் தூக்கோடு ஹன் நின்றிருந்தாள். அவள் கண்கள் சாம்பல் நிறக் கோட்டைக் கண்டுபிடித்தன. பிறகு மேலே ஏறி அவன் முகத்துக்கு வந்தன. வந்து அங்கேயே நின்றுவிட்டன.

"த்ரான் வான் லாம்!"

கோ மாத் என்று சொல்ல வேண்டும். ஒரு மாதம் சொன்ன வாய்தான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. சொல்லாமல் நிற்கவும் முடியவில்லை, செத்தவன் பேரைக் கூப்பிட்டால் பதில் இல்லாமல் விடக் கூடாது என்பது அவன் வளர்ந்த வீட்டுப் பழக்கம். குதிகால்கள் தாமாகச் சேர்ந்தன.

"மோர் ஓ ஷாம் தொன்னேர்!"

ஃபெர்னான் கண்களை மூடிக்கொண்டார். குவாங்கின் முகம் சுண்ணாம்பானது. குழுத் தலைவர் விறைத்து நின்றார், மெதுவாகக் கையை உயர்த்தி சல்யூட் அடித்தார். அதைப் பார்த்து மற்ற பெரிய மனிதர்களும் தொப்பிகளைக் கழற்றினார்கள். என்ன ஏது என்று தெரியாத ஆலோசகரும் கழற்றினார். ஹன்னுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் தொப்பிகள் இறங்கியதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இத்தோடு குவாங் தொலைந்தார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அரசாங்கத்தைத் தெரியாதவர்கள் அப்படி நினைக்கலாம். குவாங் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒலிவாங்கியின் முன்னால் போய் நின்றார்.

"மதிப்புக்குரியவர்களே! கண்டீர்கள். மற்ற அலுவலகங்களில் ஊழியன் செத்தால் போய்விடுகிறான். நமது இயக்ககத்தில் செத்தாலும் போக விடுவதில்லை. அப்படி இருக்கிற இறந்தவர்களில் யாரும் தாமதமாக வந்ததில்லை. யாரும் விடுப்பு கேட்டதில்லை. உயிருள்ள ஊழியர்கள் இவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்று பல காலமாகச் சொல்லிவருகிறேன். இளைஞர்களை நாம் எதற்காக இங்கே பழக்குகிறோம்? இந்த நாற்காலிகளுக்காகத்தான். நாளைக்கு இந்த இளைஞர்களுடைய நாற்காலிகளுக்கும் வேறு இளைஞர்கள் வருவார்கள்."

கைதட்டல் ஓயவில்லை. குழுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த முறையைக் குடியரசின் எல்லா அலுவலகங்களிலும் கொண்டுவரப் பரிந்துரைப்பதாக அங்கேயே அறிவித்தார். மடிந்தவர்களின் நாற்காலிகள் கௌரவ இருக்கைகளாகும். அவற்றில் ஆண்டுதோறும் பள்ளி மாணவர்கள் உட்காருவார்கள். வெளிநாட்டு ஆலோசகர், மொத்தம் எத்தனை நாற்காலிகள் தேவைப்படும் என்று கேட்டார்.

விழா முடிந்ததும் குவாங் இக்னாஸைக் கட்டி அணைத்துக்கொண்டார்.

"உனக்குச் சிறப்புத் தகுதியோடு சான்றிதழ். புகைப்படக்காரர் மேலே காத்திருக்கிறார். கோட்டோடு நாற்காலியில் உட்கார், படம் எடுத்ததும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அதன் பிறகு கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு நீ போகலாம். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். கோட்டு இல்லாவிட்டால் லாம் இல்லை. லாம் இல்லாவிட்டால் அந்த நாற்காலி இல்லை. இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து ஒருவன் பழகினான் என்று நான் எப்படிச் சான்று தர முடியும்?"

மற்ற குடும்பங்கள் கலைந்துவிட்டன. ஹன் மட்டும் போகவில்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"போகாதே தம்பி" என்றார் ஃபெர்னான். "மொதல்லே மேலே போ. ஒன் காரியத்தை முடிச்சுக்க. அந்தப் பொண்ணுகிட்ட நான் பேசிக்கிறேன்."

"ஒரு வருஷமா நீங்க பேசலியே முசே."

இக்னாஸ் வாசலுக்குப் போனான்.

கிட்டத்தில் பார்த்தால் ஹன்னுக்கு அவனைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். அவள் அழவில்லை.

"அன்னிக்கு மழையிலே கையைத் தூக்கினது நீதானா தம்பி?"

"ஆமா அக்கா."

"சாப்பாடு?"

"இந்த மாசம் நான்தான் சாப்பிட்டேன். அதுக்கு முன்னாடி வேற ஆள்."

அவள் கையிலிருந்த தூக்கைப் பார்த்தாள். அன்றைக்கும் நிறையத்தான் கொண்டுவந்திருந்தாள்.

"அவருக்கு எதைச் சமைச்சாலும் உப்பு பத்தாது. கல்யாணம் ஆன நாள்லேருந்து தினமும் சண்டை. இங்கே சாப்பாடு கொண்டாற ஆரம்பிச்சதிலேருந்து ஒரு நாள்கூட உப்பு பத்தலேன்னு சொல்லி அனுப்பலே. நான் சமைக்கக் கத்துக்கிட்டேன்னு நெனச்சேன்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல இக்னாஸ் வாயெடுத்தான். ஒரு மாதம் முழுக்க அவள் சோற்றைத் தின்ற வாயால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"உடம்பு?" என்று கேட்டாள்.

"கெடைக்கலேன்னு சொன்னாங்க அக்கா."

"உடம்பு கெடைக்கலேன்னா உடுத்தினதைப் புதைப்போம். வீட்டிலே அவர் துணி எதுவும் இல்லே. பட்டாளத்துக்குப் போறப்போ எடுத்துட்டுப் போனார், மீதியை நான் அவருக்கு வேணுமேன்னு இங்கே கொடுத்தனுப்பிட்டேன். அதெல்லாம் என்ன ஆச்சோ." அவள் அவன் தோளைப் பார்த்தாள். "அந்தக் கோட்டைக் கொடு தம்பி. புதைக்க எனக்கு ஏதாவது வேணும்."

சான்றிதழ் இந்தக் கோட்டில்தான் இருக்கிறது என்று இக்னாஸுக்குத் தெரியும். தேர்வும் அதில்தான், தை மாதம் வரப்போகும் பதினெட்டாவது வயதும் அதில்தான். நாளைக்குத் தருகிறேன் அக்கா, படம் மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம். சொன்னால் அவள் காத்திருப்பாள், ஒரு வருஷம் காத்திருந்தவள்தானே. ஆனால் நாளைக்குக் கோட்டை எடுக்க விட மாட்டார்கள், அது கௌரவ இருக்கை. அப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. சாகப் பயமாக இருந்தது அவனுக்கு, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

பொத்தான்களைக் கழற்றினான். கோட்டை உதறி மடித்து இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தான். அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டு வாங்கி, மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

மழை பிடித்துக்கொண்டது. வெள்ளைச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது. இந்த ஒரு மாதத்தில் முதல்தடவையாக அவனுக்குக் குளிர்ந்தது.

மாடி ஜன்னலைத் திறந்து குவாங் தலையை நீட்டினார். புகைப்படக்காரர் பொறுமை இழந்திருப்பார் போலிருக்கிறது.

"லாம்! நாற்காலிக்கு வா! லாம்!"

இக்னாஸின் நாக்கு கோ மாத் என்று சொல்லத் தானாக எழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான்.

"லாம்!"

அவன் குனிந்து தூக்கை எடுத்துக்கொண்டான். அவளால் இரண்டையும் சுமக்க முடியாது. இருவரும் நனைந்துகொண்டே தெருவைக் கடந்தார்கள். பின்னால் குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, யாரும் பதில் சொல்லவில்லை.